கோட்டோரத்து மாப்பிள்ளை

காயல்பட்டினம்
3-5-1946

அன்பும் மரியாதையும் உள்ள காக்கா அவர்களுக்கு, தங்கை ராஹிலா ஸலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் நானும் பிள்ளைகளும் சுகம். உங்கள் மச்சான் தூத்துக்குடி கயிற்றுக் கடையில் சுகம். வியாழன் மாலை வருகிறார், சனிக்கிழமை காலை கரியில் ஓடும் பஸ்ஸில் புகை வாசத்தோடு போகிறார். கொழும்பில் உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா?

சண்டை முடிந்து கப்பல் பழையபடி ஓடுகிறது. நீங்கள் ஊர்ப்பக்கம் வந்து மூன்று வருஷமாகிறது. உம்மா இருந்தால் கேட்டிருப்பாள். இல்லாததால் நான் கேட்கிறேன்.

மேலத்தெரு மொகுதூம் காக்காவின் தங்கை மும்தாஜைத் தெரியுமல்லவா. அவள் மாப்பிள்ளை போன கப்பல் நாற்பத்திரண்டில் பர்மாப் பக்கம் குண்டு பட்டு மூழ்கிவிட்டது. பிள்ளை இல்லை. குணமானவள். வீடு சொந்தமாக இருக்கிறது. உங்களுக்குக் கேட்கலாமென்று நினைக்கிறேன்.

நம் ஊர் வழக்கத்தை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வீடு பெண்பிள்ளைக்கு. ஆண் எங்கே மாப்பிள்ளையாகப் போகிறானோ அதுதான் அவன் வீடு. நீங்கள் பந்தடித்து அனுப்பிய பணத்தில் எழும்பிய வீட்டில் நான் இருக்கிறேன். நீங்கள் வந்தால் விருந்தாளி போல மூன்று நாள் சாப்பிடுகிறீர்கள், படுக்க வாலிபர் சங்கத்துக் கட்டடத்துக்குப் பாயைச் சுருட்டிக்கொண்டு போகிறீர்கள். அது எனக்கு நெஞ்சில் முள்ளாக இருக்கிறது. எத்தனை காலத்துக்குச் சங்கத்தில் படுப்பது?

நோன்புப் பெருநாளுக்கு மறுநாள் நம் சங்கத்துக்கும் தூத்துக்குடி துறைமுக டீமுக்கும் கால்பந்து ஆட்டம். டீமின் கேப்டன் நெய்னா வாசலில் வந்து நின்று, "லெப்ட் அவுட் காக்கா எப்ப வாராஹ லாத்தா?" என்று கேட்கிறான். என்ன சொல்லட்டும்?

துஆவுடன்,
ராஹிலா


கொழும்பு
26-5-1946

தங்கை ராஹிலாவுக்கு, ஸதக்கத்துல்லாஹ் ஸலாம். உன் கடிதம் கிடைத்தது. பிள்ளைகள் சுகம் என்றதில் சந்தோஷம். நான் சுகம்.

முப்பத்தைந்து வயதுக்காரனுக்குத் தாடி நரைக்கிற நேரத்தில் மாப்பிள்ளைத் தொப்பி வைக்கப் பார்க்கிறாய். அந்தப் பெண் ஏற்கெனவே கஷ்டப்பட்டவள். அவளை நல்ல இடத்தில் கொடுக்கச் சொல்.

சங்கத்தில் படுப்பதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. கடல் காற்று அங்கேதான் நன்றாக வரும். பெருநாளைக்கு உன் வீட்டுக்கு வரப் பார்க்கிறேன். முதலாளியிடம் லீவு கேட்க வேண்டும். இப்போது மாணிக்கக் கடையில் உட்கார்ந்து கல் பிரிக்கிற வேலை. நீலக்கல்லை முறைத்துப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போகிறது.

ஆட்டத்துக்கு இன்னும் காலம் கிடக்கிறது. நெய்னாவுக்கு என் ஸலாம் சொல்.

வஸ்ஸலாம்,
ஸதக்கத்துல்லாஹ்


காயல்பட்டினம்
9-6-1946

காக்கா அவர்களுக்கு ராஹிலாவின் ஸலாம். இங்கே எல்லோரும் சுகம், சின்னவனுக்கு மட்டும் லேசான சளி.

"உன் வீட்டுக்கு வரப் பார்க்கிறேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். வீட்டுக்கு வருகிறேன் என்று எழுத மை தீர்ந்துவிட்டதா? படித்துவிட்டு அன்றைக்கு முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால்தான் மறுநாளே மொகுதூம் காக்கா வீட்டுக்குப் போய்ப் பேச்சை எடுத்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள், கோபித்தாலும் பரவாயில்லை.

அவர் ஆற அமரக் கேட்டார். "தம்பிக்குக் கொழும்புல என்ன யாவாரம்?" என்றார். பந்தடிக்கிறார் என்றேன். "அது சரிம்மா. தொழில் என்ன?" என்றார். அதுதான் தொழில் என்றேன். மனுஷன் தாடியைத் தடவிக்கொண்டு கூரையைப் பார்த்தார்.

எனக்கும் விளக்கிச் சொல்லத் தெரியவில்லை. இத்தனை வருஷம் அங்கே என்ன செய்தீர்கள் என்று ஒழுங்காக எழுதி அனுப்புங்கள். அவருக்குப் படித்துக் காட்டுகிறேன்.

உங்கள் சுகம் வேண்டும்,
ராஹிலா


கொழும்பு
30-6-1946

அன்புள்ள ராஹிலாவுக்கு, ஸலாம். சின்னவன் சளி விட்டதா? கற்பூரவள்ளி கொடு. எனக்கு ஒரு குறையுமில்லை.

பெண் கேட்டுப் போனது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் ஒரு பெரிய மனிதர் தொழில் என்ன என்று கேட்டுவிட்டார், பதில் சொல்லாமல் இருப்பது மரியாதை இல்லை.

இருபது வயதில் நம் கடற்கரை மணலில் ஆடிக்கொண்டிருந்தேன். ஊருக்கு வந்திருந்த மாணிக்கக் கடை முதலாளி பார்த்துவிட்டு, மணலில் இப்படி ஓடுகிறவன் புல்லில் எப்படி ஓடுவான் என்று கேட்டாராம். அடுத்த கப்பலில் கொழும்பு. கடையில் என் பெயர் சிப்பந்தி. பதின்மூன்று வருஷம் அங்கே ஒரு தராசைக்கூடத் தொட்டதில்லை. காலையில் காலிமுகத் திடலில் ஓட்டம், மத்தியானம் கடைப் பின்கட்டில் தூக்கம், மாலையில் முதலாளியின் டீமில் பந்து. மாதம் பிறந்தால் மற்ற சிப்பந்திகளைவிடக் கூடுதலாகச் சம்பளம். அவர்கள் என்னைப் பொறாமையாகப் பார்ப்பார்கள், ஞாயிற்றுக்கிழமை கிரவுண்டில் வந்து எனக்காகவே தொண்டை கிழியக் கத்துவார்கள்.

லெப்ட் அவுட் என்றால் இடதுபக்கக் கோட்டை ஒட்டியே நிற்க வேண்டியவன். ஆட்டமெல்லாம் நடுவில் நடக்கும். எனக்குக் கோடுதான் துணை. பந்து வந்தால் எதிராளி திரும்புவதற்குள் மூலைவரை ஓடி, நடுவில் நிற்பவன் தலைக்குத் தூக்கிக் கொடுக்க வேண்டும். அவன் கோல் போடுவான். எல்லோரும் அவனைத் தோளில் தூக்குவார்கள். எனக்குக் கை கொடுக்க அவ்வளவு தூரம் யாரும் நடந்து வரமாட்டார்கள். நான் போட்ட கோல்கள் விரலுக்குள் அடங்கும், போடவைத்ததற்குக் கணக்கில்லை. அதில் எனக்கு ஒரு வருத்தமும் இருந்ததில்லை. கோட்டோரம் ஓடும்போது காதில் காற்றைத் தவிர ஒன்றும் கேட்காது. அந்தச் சுகம் நடுவில் நிற்பவனுக்குக் கிடைக்காது.

பூட்ஸ் போட்டதில்லை. கணுக்காலில் துணிப்பட்டை, அவ்வளவுதான். முப்பத்தெட்டில் சென்னைக்குக் கூட்டிப்போனார்கள். ஆட்டம் முடிந்ததும் ஒரு வெள்ளைக்காரத் துரை இறங்கி வந்து, என் பாதத்தைத் திருப்பிப் பார்த்தார், அடியில் ஏதாவது ஒட்டியிருக்கிறேனோ என்று. மணல் மட்டும்தான் இருந்தது.

நாற்பத்து நான்கு வரை ஒரு சீசன்கூட விட்டதில்லை. இதுதான் என் தொழில்.

எல்லோருக்கும் ஸலாம்,
ஸதக்கத்துல்லாஹ்


காயல்பட்டினம்
14-7-1946

மரியாதைக்குரிய காக்காவுக்கு ராஹிலா ஸலாம். அனைவரும் நலம். சளி விட்டுவிட்டது.

உங்கள் கடிதத்தை மொகுதூம் காக்கா வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து சத்தமாகப் படித்தேன். துரை பாதத்தைத் திருப்பிய இடத்தில் அவர் தொடையைத் தட்டிச் சிரித்தார். தட்டிக்கு அந்தப் பக்கத்திலும் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. மும்தாஜ் சிரித்து அந்த வீட்டில் நாலு வருஷமாயிற்றாம். மொகுதூம் காக்கா சட்டென்று சிரிப்பை நிறுத்தி அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கிவிட்டது அவருக்கு.

பெண் கொடுக்கச் சம்மதம் காக்கா. இனி நீங்கள் வர வேண்டியதுதான் பாக்கி. பெருநாள் ஆட்டத்தில் ஆடுவீர்கள் என்று சொல்லிவிட்டேன். ஊரெல்லாம் தெரிந்துவிட்டது. மைதானத்தில் இடதுபக்கக் கோட்டோரம் தனக்கு ஒரு நாற்காலி போட மொகுதூம் காக்கா இப்போதே சொல்லிவைத்திருக்கிறார்.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். நாற்பத்து நான்கோடு நிறுத்திவிட்டீர்களே. அதற்குப் பிறகு ஆடவில்லையா, எழுதத்தான் கை வலித்ததா?

பதிலை எதிர்பார்க்கும்,
ராஹிலா


காயல்பட்டினம்
25-8-1946

காக்காவுக்கு ஸலாம். நோன்பு நல்லபடியாகப் போகிறது. போன கடிதத்துக்கும் பதில் இல்லை, நடுவில் போட்ட கார்டுக்கும் பதில் இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே?

நெய்னா தினமும் வந்து நிற்கிறான். அவனுக்குச் சொல்லப் பொய் என்னிடம் தீர்ந்துவிட்டது. தேங்காய் நார் வாங்க உங்கள் மச்சான் பெருநாள் கழித்துக் கொழும்புக்கு வருகிறார். அவரிடமாவது வாயைத் திறங்கள்.

ராஹிலா


கொழும்பு
9-9-1946

ராஹிலாவுக்கு, உன் மச்சான் அஹமது கபீர் ஸலாம். சுகமாக வந்து சேர்ந்தேன். கப்பலில் வாந்தி எடுத்தேன், இப்போது தேவலை. பிள்ளைகளைக் கேட்டதாகச் சொல்.

நார் விலை ஏறியிருக்கிறது. நல்ல சரக்காகப் பார்த்துச் சேர்க்க டிசம்பர்வரை இங்கேயே இருக்க வேண்டி வரும் போலிருக்கிறது.

உன் காக்கா துறைமுகத்துக்கு வந்திருந்தார். ரிக்‌ஷாவில் வந்தார், ரிக்‌ஷாவிலேயே என்னை அறைக்குக் கூட்டிப்போனார். முன்பெல்லாம் அவரோடு நடந்தால் எனக்கு மூச்சு வாங்கும், உனக்குத் தெரியும். அவருடைய அறை மூன்றாம் மாடியில் இருந்ததல்லவா, இப்போது தெருவோடு ஒட்டிய அறைக்கு மாறியிருக்கிறார். ஜும்ஆவுக்குப் போனோம். கடைசி வரிசையில் சுவரோரம் உட்கார்ந்தே தொழுதார்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. "ஊருக்கு எதையும் எழுதிராதீங்க மச்சான்" என்று மட்டும் சொன்னார். அதனால் எதையும் எழுதவில்லை.

நான் திரும்பும்வரை தூத்துக்குடிக் கடையைப் பார்த்துக்கொள்ள நம்பிக்கையான ஆள் வேண்டும். உட்கார்ந்த இடத்தில் பார்க்கிற வேலைதான். அவரைக் கேட்டிருக்கிறேன். யோசிக்கிறேன் என்றார்.

அஹமது கபீர்


காயல்பட்டினம்
22-9-1946

அன்புள்ள காக்கா அவர்களுக்கு ராஹிலாவின் ஸலாம். இங்கே சுகம். உங்கள் மச்சான் கடிதம் வந்தது. நார் விலை ஏறியிருக்கிறதாம்.

ஆட்டத்தில் தோற்றுப்போனோம். இடதுபக்கம் வெறிச்சென்று கிடந்ததாம். லீவு கிடைக்கவில்லை என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். அந்தப் பேச்சு முடிந்தது.

கல்யாணத்தை ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். நான் ஒரு ஏற்பாடு செய்திருக்கிறேன். மாப்பிள்ளை தப்ஸ் கொட்டோடும் பைத்துப் பாட்டோடும் தெருத்தெருவாக நடந்து பெண் வீட்டுக்குப் போவது முதல் கல்யாணத்துக்குத்தானே. மும்தாஜுக்கு இது இரண்டாவது. ஆகையால் ஊர்வலம் வேண்டாம். பள்ளியில் நிக்காஹ் முடிந்ததும் வில்வண்டியில் நேராகப் பெண் வீட்டுப் பின்பக்க முடுக்குச் சந்துக்குப் போய் இறங்கிவிடலாம். மொகுதூம் காக்காவிடம் சொன்னேன். முகம் கொஞ்சம் வாடியது, ஆனால் சரி என்றுவிட்டார்.

உங்களுக்கு மாடி அறையைத்தான் ஒழித்துவைத்திருந்தார்கள். வெயிலுக்கு மாடி ஆகாது என்று சொல்லிக் கீழே மாற்றச் சொல்லிவிட்டேன். ஒன்றுக்கும் யோசிக்காமல் வாருங்கள்.

துஆவுடன்,
ராஹிலா


கொழும்பு
5-10-1946

தங்கை ராஹிலாவுக்கு ஸலாம். நான் சுகம் என்று வழக்கம்போல எழுத வந்தேன். எழுதவில்லை.

நார் விலையை மட்டும் எழுதிய கடிதத்திலிருந்து மாடி ஆகாது என்று கண்டுபிடித்தாயே. உன்னிடம் மறைக்கப் பார்த்தது என் முட்டாள்தனம்.

நாற்பத்து நான்கு நவம்பரில், நல்ல மழையில், பட்டாளத்து டீமோடு ஆட்டம். கோட்டோரம் போய்க்கொண்டிருந்தேன். வழுக்கிக்கொண்டு வந்த ஒருவனின் பூட்ஸ் என் இடது கணுக்காலில் இறங்கியது. அவன்மேல் தப்பில்லை. எலும்பு கோணலாகச் சேர்ந்துவிட்டது. நடக்கிறேன், நொண்டி நடக்கிறேன். முதலாளி கைவிடவில்லை, உட்கார்ந்து கல் பிரிக்கச் சொன்னார். நான் ஓடியதைப் பார்த்த ஊர் இந்த நடையைப் பார்க்க வேண்டாம் என்றுதான் வரவில்லை. அது வெட்கம். அதற்கு வேறு பெயர் வைத்து உன்னை ஏமாற்ற மனமில்லை.

ஆனால் உன் ஏற்பாடு தப்பு ராஹிலா. ஊர்வலம் இல்லாவிட்டால் ஊர் என் காலைப் பேசாது. என் கால் விஷயம்தான் யாருக்கும் தெரியாதே. மாப்பிள்ளை மவுத்தானவள்தானே, அவளுக்கு இது போதும் என்று முடுக்கு வழியாக முடித்துவிட்டார்கள் என்று அவளைத்தான் பேசும். என் வெட்கத்தை நான் கழற்றி அவள் தலையில் வைப்பதா? மொகுதூம் காக்கா முகம் வாடியதை நீயே எழுதியிருக்கிறாய். ஏனென்று உனக்குத் தோன்றவில்லையா?

முதலில் போய் உள்ளதை உள்ளபடி சொல். வேண்டாம் என்றால் அவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை, கொழும்பிலேயே இருந்துகொள்வேன். வேண்டும் என்றால் ஊர்வலம் உண்டு. நான் நடந்துதான் வருவேன்.

உன் காக்கா,
ஸதக்கத்துல்லாஹ்


காயல்பட்டினம்
17-10-1946

என் காக்காவுக்கு, ராஹிலா எழுதுவது. ஸலாம்.

உங்கள் கடிதத்தைப் படித்து அழுதேன். பிறகு இரண்டு வருஷமாக மறைத்ததை நினைத்துக் கோபம் வந்தது. பிறகு நான் செய்த வேலையை நினைத்து வெட்கமாகிவிட்டது. உங்களைக் காப்பாற்றுவதாக எண்ணி அந்தப் பெண்ணைத் தள்ளிவிடப் பார்த்திருக்கிறேன். அல்லாஹ் மன்னிக்கட்டும்.

மறுநாள் லுஹர் தொழுகைக்குப் பிறகு போய், ஒன்று விடாமல் சொன்னேன். மொகுதூம் காக்கா எல்லாவற்றையும் கேட்டார். பிறகு, "இனி எம் முடிவு இல்ல. அவதான் சொல்லணும்" என்று எழுந்து வெளியே போய்விட்டார்.

மும்தாஜ் தட்டியைத் தள்ளிக்கொண்டு வந்து என் எதிரே உட்கார்ந்தாள். "ஊர்வலம் வேணாம்னு நீங்க சொல்லிட்டுப் போன அன்னைக்கு எனக்குச் சோறே இறங்கல லாத்தா. கெட்டுப்போன சாமானை முடுக்கு வழியாத்தானே எடுப்பாஹன்னு நெனச்சேன்" என்றாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

காலைப் பற்றி என்ன சொல்கிறாய் என்று கேட்டேன். கொஞ்சநேரம் பாய்க் கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். "தூரம் போன மாப்பிள்ளையப் பாத்தாச்சு லாத்தா. தூரம் போக முடியாதவுஹன்னா எனக்கு என்ன கொற?" என்று சொல்லிவிட்டு உள்ளே எழுந்து ஓடிவிட்டாள்.

நவம்பர் பத்தாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு ஊர்வலம். வந்துவிடுங்கள்.

ராஹிலா


காயல்பட்டினம்
13-11-1946

மச்சான் அவர்களுக்கு, ராஹிலா ஸலாம் கூறி எழுதுவது. பிள்ளைகள் சுகம். கல்யாணக் களரிச் சாப்பாடு தின்ற வயிறு மட்டும் இன்னும் சரியாகவில்லை. நீங்கள் இல்லாத குறையைத் தவிர கல்யாணத்தில் வேறு குறையில்லை.

காக்கா முந்தின நாள்தான் கப்பலிறங்கி, இருட்டிய பிறகு வீட்டுக்கு வந்தார். அதனால் யாரும் அவர் நடையைப் பார்க்கவில்லை. நிக்காஹ் நம் வீட்டுக்கு எதிர்ப் பள்ளியில். அது முடிந்து ஊர்வலம் கிளம்பியபோது நான் மாடி ஜன்னலில் நின்றிருந்தேன். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

முன்னால் நெய்னாவும் சங்கத்துப் பிள்ளைகளும், அவர்களுக்குப் பின்னால் தப்ஸ்காரர்கள், பிறகு மாப்பிள்ளை. எப்போதும்போல விறுவிறுவென்று போனார்கள். தெரு மூலைக்குள் காக்காவுக்கும் தப்ஸுக்கும் நடுவே பெரிய இடைவெளி விழுந்துவிட்டது. ஊர்ப் பெரியவர்கள் காலைப் பார்த்தார்கள், முகத்தைப் பார்த்தார்கள். தப்ஸ் சத்தம் மட்டும் கேட்டது. காக்கா நிமிர்ந்துதான் நடந்தார். ஆனால் நடக்க நடக்கச் சுவரோரம் ஒதுங்கிக்கொண்டே போனார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

நெய்னா திரும்பிப் பார்த்தான். அவன் முகம் மாறியதை மாடியிலிருந்தே கண்டேன். தப்ஸ்காரர்களிடம் போய், "மெதுவா அடிங்கலே. நாம காக்கா கூடத்தான் போறோம்" என்றானாம். அடி மெதுவாயிற்று, பைத்தும் மெதுவாயிற்று. பிறகு காக்காவிடம் வந்து கையைப் பிடித்தான். "நடுவுல வாங்க காக்கா. கோட்டோரம் நின்னதெல்லாம் போதும்" என்றானாம். காக்கா தெருவின் நடுவுக்கு வந்தார். அதற்குப் பிறகு அந்த ஊர்வலத்தில் ஒருவரும் அவரை முந்தி ஓர் அடி வைக்கவில்லை. பெரியவர்கள்கூட அவர் கால் வைத்த பிறகுதான் கால் வைத்தார்கள்.

மீதி, போனவர்கள் சொன்னது. பாதி வழியில் பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு கேட்டுவிட்டது. ஊர்வலம் அப்படியே பக்கத்துப் பள்ளிக்குள் போய்த் தொழுதுவிட்டு, மறுபடி வந்து வரிசை சேர்ந்து நடந்தது. நம் ஊரில் இப்படி ஒரு ஊர்வலம் யாரும் கண்டதில்லை. பெண் வீட்டில் மொகுதூம் காக்கா வாசலுக்கும் கூடத்துக்கும் அலைந்தாராம், சோறு ஆறுகிறது, இன்னும் காணோமே என்று. உள்ளேயிருந்து மும்தாஜ், "வரட்டும் காக்கா. மெதுவா வரட்டும்" என்றாளாம்.

உங்கள் சுகத்துக்கு எழுதுங்கள்,
ராஹிலா


தூத்துக்குடி
3-12-1946

தங்கை ராஹிலாவுக்கு ஸதக்கத்துல்லாஹ் ஸலாம். நான் சுகம். இந்தத் தடவை உண்மையாகவே சுகம்.

மச்சான் கடை நன்றாக நடக்கிறது. தோணிக்காரர்கள் கயிறு வாங்க வந்து, பந்துக் கதை கேட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். மச்சானுக்கும் எழுதியிருக்கிறேன்.

இதை மும்தாஜுக்குத்தான் எழுதியிருக்க வேண்டும். நேராக எழுதக் கூச்சமாக இருக்கிறது, அதனால் உனக்கு எழுதுகிறேன். கொஞ்சம் போய்ச் சொல்லிவிடு. வியாழக்கிழமை மாலை பஸ்ஸில் வீட்டுக்கு வருகிறேன். போன வாரம்போல வில்வண்டி அனுப்ப வேண்டாம். நடந்தே வருவேன், கொஞ்சம் நேரமாகும். சோற்றை மூடிவைக்கச் சொல்.

உன் காக்கா,
ஸதக்கத்துல்லாஹ்